அத்தையின் மதர்போர்டு

"அதைப் பிரிச்சுக் காட்டுங்க" என்று அத்தை சொன்னதும் கடைக்காரர் கையிலிருந்த அட்டைப்பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். ரிச்சி தெருவில், குறுகலான மாடிப்படி ஏறிப் போகும் ஒரு சின்னக் கடை அது. கண்ணாடி மேசைக்கு இந்தப் பக்கம் நானும் அத்தையும். அந்தப் பக்கம், கூரைவரை அடுக்கியிருந்த மதர்போர்டுப் பெட்டிகளுக்கு நடுவே அவர். மேசைமேல் கிடந்த ஸ்டேப்ளரையும் திருப்புளியையும் அத்தை ஓரமாகத் தள்ளி வைத்தாள். எதையோ விரித்துப் போடுவதற்கு இடம் செய்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அவருக்குப் புரியவில்லை.

"சீல் ஒடச்சா அப்பால எவன்மா வாங்குவான் இத்த? போர்டு அல்லாம் ஒரே மாதிரிதான் கீது. பொட்டி மேலயே படம் போட்டுக்கீறான் பாருங்க."

"படத்தக் காட்டி சேலை வித்திருந்தா என் கட ஒரு சீசன் ஓடியிருக்காது" என்றாள் அத்தை. "இந்தா, அந்த மேல் தட்டுல இருக்க கருப்புப் பெட்டி. அதுக்குக் கீழ இருக்கது. ரெண்டையும் எடுங்க."

என் கடை என்று அவள் சொன்னபோது எனக்கு என்னவோபோல் இருந்தது. அவள் சொன்ன கடையில் அப்போது அவளுக்கு இடம் இல்லாமல் போயிருந்தது.

அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். தென்காசிப் பக்கத்திலிருந்து பெரியப்பாவும் அப்பாவும் தி.நகருக்கு வந்து ஜவுளிக்கடை போட்ட பிறகு, கல்யாணமாகிக் கொஞ்ச காலத்திலேயே கணவரை இழந்த அத்தையையும் இங்கே அழைத்துக்கொண்டார்கள். வீட்டில் சும்மா இருக்க வேண்டாமே என்று கடையில் சேலைப் பகுதியில் உட்காரவைத்தார்கள். அதற்கப்புறம் அந்தப் பகுதி அத்தையுடையது என்றே ஆயிற்று. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, கையை நீட்டிப் பின்னாலிருக்கும் தட்டிலிருந்து சேலையை உருவி, ஒரே வீச்சில் முந்தி தெரிய விரித்துப் போடுவாள். வந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தே அடுத்த சேலை எது என்று முடிவு செய்வாள். பள்ளிக்கூட விடுமுறைகளில் நான் அங்கேதான் கிடப்பேன். எடுத்துப் போட்ட சேலைகள் குன்றுபோலக் குவிந்துவிடும். வாங்க வந்தவர்கள் ஒன்றும் வாங்காமல் எழுந்து போனாலும் அவள் முகம் சுளித்ததில்லை. "போயிட்டு வாங்க, அடுத்த வாரம் புது சரக்கு வருது" என்பாள். பிறகு எல்லாவற்றையும் மடித்து வைப்பாள்.

பெரியப்பாவுக்கு முடியாமல் போனதும் கடைப் பொறுப்பு அவருடைய மகனுக்கு வந்தது. நான் அண்ணன் என்று கூப்பிடும் அவன் கெட்டிக்காரன், நல்லவன். கடையின் முகப்பைக் கண்ணாடியாக்கினான், குளிர்சாதனம் போட்டான். விரிப்பையும் மெத்தையையும் எடுத்துவிட்டுச் சேலைகளைக் கம்பியில் தொங்கவிட்டான். வருகிறவர்கள் நடந்துகொண்டே பார்த்து, தாங்களே எடுத்துக்கொண்டு, பணம் கட்டுமிடத்துக்குப் போய்விடலாம். "அத்தை, நீங்க உழைச்சதெல்லாம் போதும். இனிமே வீட்ல நிம்மதியா ரெஸ்ட் எடுங்க" என்று அவன் சொன்னபோது உண்மையான அன்போடுதான் சொன்னான். அவன் கோபமாகப் பேசியிருந்தால் அத்தை திருப்பிப் பேசியிருப்பாள். அன்போடு சொன்னவனிடம் என்ன சண்டை போடுவது? சரியென்று வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்தவளுக்கு உட்கார முடியவில்லை. அலமாரியில் அடுக்கி வைத்த துணியையெல்லாம் எடுத்துக் கட்டிலில் போட்டு மறுபடி மடிப்பாள். கறிவேப்பிலை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாண்டி பஜார்வரை நடந்து, கறிவேப்பிலை இல்லாமல் திரும்பி வருவாள். மொட்டைமாடியில் காயும் துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஏறுவாள், இறங்குவாள், ஏறுவாள். பால்கனியில் நின்று தெருவில் போகிறவர்களின் துணிப்பைகளைப் பார்த்து, இவர்கள் இந்தக் கடையில் எடுத்திருக்கிறார்கள், அவர்கள் அந்தக் கடையில் எடுத்திருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். "ஒரு எடத்துல உக்காருங்களேன் மதினி, எனக்குத் தல சுத்துது" என்று அம்மா கெஞ்சுவாள். அத்தை உட்கார்வாள். உடனே எழுந்துகொள்வாள்.

அந்த வீட்டில் அப்படி இருந்தது அவள் மட்டுமில்லை. நான் அப்போது அடையாற்றில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டிருந்தேன். வேறு வேலை கிடைத்ததால் விடவில்லை, சும்மா விட்டேன். எந்த அலுவலகத்திலும் கொஞ்ச நாளுக்குமேல் எனக்கு இருப்புக் கொள்ளாது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் மாப்பிள்ளைப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கேட்காமலிருக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கல்லூரி நாளில் நானே உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டரில் விளையாடிக்கொண்டிருந்தேன். ஒரு தீவில் பலர் பாராசூட்டில் குதித்து, கிடைத்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு ஒருவரையொருவர் வேட்டையாடும் விளையாட்டு. நான்கு பேர் ஒரு குழுவாகச் சேரலாம், எங்கெங்கோ இருப்பவர்கள் காதில் மாட்டிய மைக்கில் பேசிக்கொள்ளலாம். கடைசிவரை உயிரோடு நிற்கும் குழு ஜெயிக்கும்.

ஒருநாள் காபியோடு உள்ளே வந்த அத்தை டம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். திரையில் நான் ஒரு மரத்தடியில் பதுங்கி, எங்கிருந்து சுடுகிறார்கள் என்று தெரியாமல் தேடிக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, அந்தப் புதர்ல ஒருத்தன் இருக்காம்லா."

"எந்தப் புதர் அத்தை? எல்லாம் புதராத்தான் இருக்கு."

"அந்தா, பாறைக்குப் பக்கத்துல. அங்கன மட்டும் பச்சை வேற. மத்ததெல்லாம் இலைப்பச்சை, அது கொஞ்சம் பாசிப்பயறு நெறம்."

அவள் சொன்ன இடத்தில் சுட்டேன். புதரிலிருந்து ஓர் ஆள் உருண்டு விழுந்தான். அத்தை "அய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு குனிந்து, "செத்துட்டானா?" என்று கேட்டாள். விளையாட்டுதான், அவன் எங்கோ வீட்டில் உட்கார்ந்திருப்பான் என்று சொன்னேன். "அப்பச் சரி" என்றாள். அடுத்த நாள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் ஒருமுறைகூட மொட்டைமாடிக்குப் போகவில்லை என்பதை அம்மாதான் முதலில் கவனித்தாள்.

அதற்கப்புறம் அவள் தானே விளையாட ஆரம்பித்தாள். முதலில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி ஓடினாள், கடலுக்குள் இறங்கினாள், கதவு திறக்கத் தெரியாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இடதுகை விரல்கள் பொத்தான்களில் நிற்கவே மாட்டேன் என்றன. நான் சிரித்தால் கோபம் வரும். சில மாதங்களில் பழகிவிட்டது. மைக்கில் பேசவும் தொடங்கினாள். "ஏல, முன்னால போவாதல, மாடில ஆள் நிக்கான்" என்று அவள் குரல் கேட்டதும், குழுவிலிருந்த முகம் தெரியாத பையன்கள், யாரோ குரலை மாற்றிக் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தார்கள். ஒருவன் "மச்சி, யாருடா நீ, செமயா பேசுற" என்று கேட்டான். "நான் மச்சி இல்லப்பா, எனக்கு உங்கம்மா வயசு இருக்கும்" என்றாள். நான் பின்னாலிருந்து அத்தை, அத்தை என்று கூப்பிடுவது மைக்கில் கேட்டுக் கேட்டு அவர்களும் அத்தை என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

சிக்கல் கம்ப்யூட்டரால் வந்தது. அது பழசு. விளையாட்டு ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் அதற்கு மூச்சு வாங்கியது. எதிரி பின்னாலிருந்து வரும்போது அத்தை சட்டென்று திரும்புவாள். திரை ஒரு கணம் உறைந்து நிற்கும். அந்த ஒரு கணம் போதும், அவள் செத்திருப்பாள்.

"நான் திரும்பத்தான் செய்யுதேன். அது நிக்கி. அவன் என்னயக் கொல்லலட்டி, இந்த எந்திரந்தான் கொல்லுது" என்று மேசையைத் தட்டினாள். மறுபடி நடக்கத் தொடங்கினாள். ஹாலிலிருந்து சமையலறைக்கு, சமையலறையிலிருந்து என் அறைக்கு. "இத நல்லதா மாத்தணும்னா என்ன செய்யணும்?"

நான் சொன்னேன். ப்ராசஸரை மாற்ற வேண்டும். புது ப்ராசஸர் பழைய மதர்போர்டில் உட்காராது, ஆகவே போர்டையும் மாற்ற வேண்டும். புதுப் போர்டில் பழைய ரேம் பொருந்தாது, அதுவும் புதிது வேண்டும். இவ்வளவுக்கும் பழைய பவர் சப்ளை தாங்காது. கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். போர்டு பெரிதாக இருந்தால் பழைய கேபினட்டுக்குள் நுழையாது, அதனால் சின்ன அளவுதான் எடுக்க வேண்டும். இதையெல்லாம் கேட்டால் யாருக்கும் சலித்துப்போகும். அத்தைக்கு மட்டும் முகம் தெளிந்தது. "சேலைக்கு ஜாக்கெட், ஜாக்கெட்டுக்கு லைனிங், அதுக்கு உள்பாவாடை. மேட்சிங் பாக்கணும், அவ்வளவுதான?" என்றாள். அவ்வளவுதான் என்றேன். "அதுல எது சேலை?" என்று கேட்டாள். யோசித்துவிட்டு, மதர்போர்டு என்றேன். எல்லாம் அதில்தான் வந்து சேர வேண்டும். அதை முதலில் முடிவு செய்தால் மற்றவை தானாக முடிவாகும்.

ஆனால் அந்த முதல் முடிவு வரவேயில்லை. பனகல் பார்க்கில் பஸ் ஏறி அண்ணா சாலையில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நாங்கள் திரும்பத் திரும்பப் போனோம். தெருவெங்கும் மனிதர்கள், நகர முடியாத தள்ளுவண்டிகள், ஒயர் சுருள்கள், யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் சத்தம். அத்தை ஒவ்வொரு கடையிலும் ஏறுவாள், கேட்பாள், இறங்குவாள். விளக்கு மின்னும் போர்டுகளைப் பார்த்து "ஜிகினா" என்று தள்ளினாள். ரேமுக்கு இரண்டு இடம் மட்டும் இருந்த போர்டைப் பார்த்து, "நாளைக்கு இன்னும் வேணும்னா எங்கன சொருக?" என்று கேட்டாள். கடைசியில் அந்த மாடிக்கடைக்காரர், கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்திருந்த ஒரு போர்டை அவளிடம் கொடுத்தார். அத்தை அதை ஓரங்களில் மட்டும் பிடித்து வாங்கினாள். முன்பக்கத்தைப் பார்க்கவேயில்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தாள். ஈயப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருந்ததை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"மேடம், யாருமே பின்னாடி பாக்க மாட்டாங்கம்மா" என்று கடைக்காரர் சிரித்தார்.

"சேலையும் பின்னாலதான் பாக்கணும்" என்றாள் அத்தை. ஆனால் அதையும் வாங்கவில்லை. வெளியே வந்து, வேறு கடையில் நிறம் வேறு மாதிரி இருக்குமோ என்றாள். போர்டுக்கு நிறம் எதற்கு என்று எனக்கு எரிச்சல் வந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். எல்.ஐ.சி. கட்டடத்தைக் கடந்த பிறகு திடீரென்று, "எத்தன பேருக்கு எடுத்துப் போட்டிருக்கேன். ஒவ்வொருத்தியும் எடுக்காம யோசிக்கையில, இவளுக்கு ஏன் இவ்வளவு நேரம்னு மனசுக்குள்ள நெனச்சிருக்கேன். எடுக்கது இவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாதுட்டி" என்றாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தை தனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து நான் பார்த்ததே இல்லை. அவள் கட்டியதெல்லாம் கடையில் தங்கிப்போன சேலைகள். கரையில் சாயம் ஓடியது, முந்தியில் ஓர் இழை விட்டுப்போனது, மடிப்பில் வெளுத்தது. விற்க முடியாது என்று ஒதுக்கியவற்றைத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவளே எடுத்து வைத்துக்கொள்வாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொன்னதில்லை, செய்யாதே என்று தடுத்ததும் இல்லை. அவளுடைய கல்யாணத்தையும் யாரோ முடிவு செய்தார்கள், சென்னைக்கு வந்ததையும், கடையில் உட்கார்ந்ததையும், எழுந்து வந்ததையும்.

அடுத்த முறை அந்த மாடிக்கடைக்குப் போனபோது, கடைக்காரர் எங்களைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாமல் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். "உங்களுக்கோசரமே எடுத்து வச்சிக்கினு இருக்கேன்மா. ஒருத்தர் வாங்கினு போயி ரெண்டு நாள்ல திருப்பிக் குட்த்துட்டாரு. ஒண்ணுமே ஆவல, சூப்பரா ஓடுது. ஓரத்துல லேசா கீறல் மட்டும் கீது. வெலய கொறச்சுப் போட்டுத் தர்றேன். பிரிச்சே இருக்கு பாருங்க, நீங்க கேட்ட மாதிரி."

அத்தை கேட்ட அதே வகைப் போர்டு. ரேமுக்கு நான்கு இடம், ஜிகினா இல்லை, எங்கள் கேபினட்டுக்குச் சரியான அளவு. மூலையில் நகக்கீறல்போல ஒரு கோடு. அத்தையின் கை தன்னாலே அதை நோக்கிப் போனது. எத்தனையோ வருஷப் பழக்கத்தில் போகும் கை. "இது போதும்லா" என்றாள் என்னிடம். அது போதும்தான். விலை குறைவு, பழுதில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள். அவர் பெட்டியை மூடிப் பையில் போட்டார். அத்தை பையை வாங்கிக்கொண்டு மாடிப்படிவரை வந்தாள். முதல் படியில் கால் வைத்தவள் அங்கேயே நின்றாள். கீழேயிருந்து ஏறி வந்த ஒருவர் வழிவிடச் சொல்லிக் காத்திருந்தார். அத்தை திரும்பிக் கடைக்குள் போனாள்.

"இது வேண்டாங்க. இதே போர்டு புதுசு ஒண்ணு குடுங்க."

"இன்னாம்மா, இதுவும் புதுசு மாதிரிதான்…"

"மாதிரி வேண்டாம். சீல் ஒடைக்காதது. நான் வீட்ல போயி ஒடச்சிக்கிடுதேன்."

கடைக்காரர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மேல் தட்டிலிருந்து புதுப் பெட்டியை எடுத்தார். ப்ராசஸர், ரேம், பவர் சப்ளை எல்லாம் அதற்கப்புறம் சீக்கிரம் முடிந்துவிட்டன. பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து வேலையைத் தொடங்கினோம். பெட்டியின் சீலை அத்தைதான் உடைத்தாள். ப்ராசஸரை நான் உட்காரவைத்தேன். ரேம் பட்டைகளை அவள் அழுத்தினாள், கிளிக் என்று சத்தம் கேட்டபோது என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். எல்லா ஒயரையும் மாட்டி, கேபினட்டில் ஏற்றி, பொத்தானை அழுத்தினோம். காற்றாடிகள் சுற்றின. திரை கறுப்பாகவே இருந்தது. போர்டின் ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

கழற்றி மாட்டினேன். மறுபடி கழற்றி மாட்டினேன். அதே சிவப்பு விளக்கு. அத்தை எதுவும் கேட்கவில்லை. நான் பயந்தது அந்த மௌனத்துக்குத்தான். கீறல் விழுந்ததையே எடுத்திருக்கலாமே, நமக்கெதற்குப் புதுசு என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்துவிடுமோ என்று நினைத்தேன். அவள் மேசையைச் சுற்றி நடந்துகொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில்தான் அண்ணன் வந்தான். ஆடித் தள்ளுபடி தொடங்கப் போகிறது, கடையில் கூட்டம் தாங்காது. உதிரிகள் கிடந்த மேசையைப் பார்த்துச் சிரித்தான். "என்ன அத்தை, விளையாட்டுச் சாமானா? நான் ஒரு நல்ல விஷயம் சொல்ல வந்தா…" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "பழைய கஸ்டமருங்க எல்லாரும் உங்களத்தான் கேக்குறாங்க. நீங்க திரும்பக் கடைக்கு வாங்க அத்தை."

அம்மா சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டாள். எத்தனை மாதமாக இந்த வீடே எதிர்பார்த்த வார்த்தை. அத்தை நடப்பதை நிறுத்தினாள்.

"எங்கன உக்காரணும்?"

"வாசல்லயே. நல்ல சேர் ஒண்ணு போடுறேன். வர்றவங்களுக்கு சந்தனம், கல்கண்டு குடுத்து, வாங்கன்னு சொன்னா போதும்."

"சேலை எடுத்துப் போடலாமா?"

"அதுக்குத்தான் பொண்ணுங்க இருக்காங்களே அத்தை. நீங்க எதுக்குக் கஷ்டப்பட்டுக்கிட்டு? சும்மா உக்காந்தா போதும்."

அத்தை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போர்டின் சிவப்பு விளக்கைப் பார்த்தாள். "இது ஓடட்டும். அப்புறம் சொல்லுதேன்" என்றாள். அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்குக் கோபம் வந்தது. "மதினி, அவன் மெனக்கெட்டு வந்து கூப்பிடுதான், நீங்க இதப் பிடிச்சுக்கிட்டு…" என்றாள். அத்தை அதற்குள் உள்ளே போயிருந்தாள்.

மறுநாள் ரிச்சி தெருக் கடை திறந்ததும் நாங்கள் கேபினட்டை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். கடைக்காரர் சிவப்பு விளக்கைப் பார்த்ததுமே தலையில் கை வைத்துக்கொண்டார். போர்டு பழுதில்லை. அதற்குள் எழுதி வைத்திருக்கும் மென்பொருள் பழைய பதிப்பு, அதற்கப்புறம் வெளிவந்த எங்கள் ப்ராசஸரை அதற்கு அடையாளம் தெரியவில்லை. "சொல்ல மறந்துட்டேன்மா, என் மேலதான் தப்பு. உக்காருங்க, பத்தே நிமிஷம்" என்று ஒரு பென் டிரைவைச் சொருகினார்.

"ஆளு புதுசு, அடையாளம் தெரியல. அவ்வளவுதான?" என்று அத்தை கேட்டாள்.

"அவ்ளோதாம்மா. இப்ப சொல்லிக் குட்த்துடலாம்."

பத்து நிமிஷத்துக்கு மேலாகவே ஆனது. அத்தை உட்காரவில்லை. மேசையோரம் நின்று, பென் டிரைவுக்குப் பக்கத்தில் மினுக்கிய சின்ன விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கு அணைந்து, கடைக்காரர் மாட்டியிருந்த திரையில் வெளிச்சம் வந்தபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தக் கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். படி இறங்கியதும் தெருவிலேயே, அவ்வளவு இரைச்சலுக்கு நடுவே, அண்ணனுக்கு போன் போட்டாள். "நான் வரல ஐயா. வேற யாரையாவது உக்கார வையி. கோவிச்சுக்கிடாத" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதற்கு அடுத்த வருஷம் அவள் பாலவாக்கத்தில் ஒரு மாடிப்போர்ஷனுக்குக் குடிபோனாள். கடையின் பழைய வாடிக்கைக்காரர் ஒருவருடைய வீடு. அப்பா வெகுநாள் அவளோடு பேசவில்லை. இந்த வயசில் தனியாக என்ன வீடு, ஊர் என்ன சொல்லும் என்று பெரியம்மா அழுதாள். அண்ணன் தன்னால்தான் என்று நினைத்து வருந்தினான். அத்தை யாரோடும் சண்டை போடவில்லை. துணிமணியை ஒரு பெட்டியிலும் நான் கொடுத்துவிட்ட கம்ப்யூட்டரைத் தன் மடியிலுமாக எடுத்துக்கொண்டு போனாள். இப்போது கல்யாணப் பெண்களுக்குச் சேலை மடிப்பு எடுத்து, இஸ்திரி போட்டு, பின் குத்தித் தயாராக வைத்துக் கொடுக்கிறாள். கொட்டிவாக்கம், திருவான்மியூர், பெசன்ட் நகரிலிருந்தெல்லாம் சேலைகள் வருகின்றன. கடற்காற்றில் உப்பு ஏறிப் போர்டு அரித்துவிடும் என்று நான் பயமுறுத்தியதால், கம்ப்யூட்டருக்கு ஒரு பட்டுத் துணியில் உறை தைத்துப் போட்டிருக்கிறாள். சாயங்காலம் வேலை முடிந்ததும் உறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவாள்.

நான் அதற்கப்புறம் எத்தனையோ வேலை மாறினேன். ஒவ்வொரு முறை விட்டபோதும் முதலில் போய் நின்றது பாலவாக்கத்தில்தான். அவள் ஏன் என்று கேட்டதில்லை, சோறு போடுவாள். போன வாரம் போனேன். இந்த முறை விஷயம் வேறு. வெளிநாட்டில் ஒரு வேலை கிடைத்திருந்தது. ஒப்புக்கொண்டும் விட்டேன், வீட்டில் இன்னும் சொல்லவில்லை. கதவு திறந்தே இருந்தது. அத்தை விளையாடிக்கொண்டிருந்தாள். அவளோடு ஆடும் பையன்களின் குரல்கள் ஒலிபெருக்கியில் கேட்டன. இருவர் கோயம்புத்தூர், ஒருவன் யாழ்ப்பாணம். திரையில் அவர்கள் ஒரு கோதுமை வயலைக் கடந்து, தூரத்தில் தெரிந்த ஓட்டு வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். எனக்கு உட்காரத் தோன்றவில்லை. அவள் ஆடி முடிக்கும்வரை காத்திருக்கத்தான் நினைத்தேன். ஆனால் வாயில் வந்துவிட்டது.

"அத்தை, நான் வெளிநாடு போறேன்."

"எப்ப?" என்றாள் திரும்பாமல்.

"அடுத்த மாசம்."

"எப்ப வருவ?"

"தெரியல அத்தை. அங்கேயே இருக்கிற மாதிரிதான்."

அவள் கை மவுஸில்தான் இருந்தது. பையன்கள் மூவரும் வீட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். அத்தையின் ஆள் மட்டும் வயலின் நடுவில், எந்த மறைவும் இல்லாத இடத்தில் நின்றது. எங்கிருந்தோ சுடும் சத்தம் கேட்டது. "அத்தை, உள்ள வாங்க!" என்று ஒருவன் கத்தினான். "அத்தை, ஓடி வாங்கோ, ஓடி வாங்கோ!" என்று யாழ்ப்பாணத்துப் பையன் பதறினான். கோதுமைக் கதிர்கள் அசைந்தன. அந்த ஆள் அசையவில்லை. இரண்டாவது குண்டில் விழுந்தது.

பையன்கள் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அத்தை மைக்கைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். என் பக்கம் திரும்பி, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"காபி குடிக்கியாட்டி?" என்றாள்.